பச்சைக்கு நடுவுல செவப்பு

கைய எறக்கு நைனா. எறக்குன்னு சொல்றேன்ல. நான் புட்ச்சிகினு கீற வரைக்கும் அந்தக் கை மேல போவாது. கெழவன்னு பாக்காத, இருவத்தஞ்சு வருசம் சூளைக்கு வெறகு வீசன கையி இது. ஆங், அப்பிடி. இப்ப இந்த ஸ்டூல்ல குந்து.

கன்னியப்பா, நீ உன் எடத்துக்குப் போ. தட்டிக்கு அந்தாண்ட போயி ஒக்காந்து வேலையப் பாரு. ஒண்ணியும் ஆவல. நான் பேசிக்கிறேன்.

பாத்தியா நைனா? நீ கை ஓங்கன ஒடனே அவன் இன்னா பண்ணான்னு பாத்தியா? மூஞ்ச மூடல, ஓடல. மூக்குக் கண்ணாடியக் கழட்டி சட்டப் பாக்கெட்டுல வச்சிகினான். ஒத்தக் கண்ணு ஆளு அவன். மூஞ்சி போனா போவுது, கண்ணாடி ஒடையக் கூடாதுன்னு பாக்கறான். அதான் உன் கையப் புட்ச்சேன். இல்லாங்காட்டி நான் யாரு குறுக்கால வர்றதுக்கு? நானும் அடிச்சவன்தான்.

டீ குடி. சக்கர கம்மியாத்தான் கீது, குடி.

இன்னா சொன்ன? ஒத்தக்கண்ணன வச்சி கலரு பிரிச்சா இப்பிடித்தான் ஆவும்னா? அவன வேலைய வுட்டுத் தூக்கணுமா? தூக்கினாத்தான் மிச்ச மாலு எடுப்பியா? சரி. நீ காண்ட்ராக்டரு, உனக்கு ஆயிரம் எடம் கீது. ஆவடில ஒருத்தன், பூந்தமல்லில ஒருத்தன் மிசினு டைல்ஸு வச்சிகினு கூவிக் கூவி விக்கறான். போவலாம். ஆனா போறதுக்கு முன்ன நான் சொல்றத காதுல போட்டுகினு போ. கோவம் எறங்கறதுக்காச்சும் நேரம் வோணும்ல.

இந்தா, இந்த நாலு டைல்ஸப் பாரு. நாலும் பச்சைதான? ஒண்ணு வேப்பெல மாதிரி. இது அதவிட ரவ வெளுப்பு. இது மஞ்சளு அடிக்குது. இது கருத்துக் கெடக்குது. நாலும் ஒரே மண்ணு நைனா. ஒரே வாளில கலக்குன பூச்சு. ஒரே நாளு, ஒரே சூளை. பின்ன ஏன் மாறுதுன்னா, கருத்தது சூளை வாய்க்கிட்ட ஒக்காந்தது, நெருப்பு நேரா மூஞ்சில அடிச்சிருக்கு. வெளுத்தது பொறங்கோடில ஒக்காந்தது, அதுக்கு மிச்சம் மீதி சூடுதான். மஞ்சளு அடிக்குதே அது மேல்தட்டு, சாம்பலு பறந்து படிஞ்சிருக்கும். அப்பால இது பூச்சுல கையால முக்கி எடுக்கறது. காலைல முக்கும்போது கை கெட்டியா முக்கும், சாயங்காலம் அசந்து போயி லேசா முக்கும். ஒரு வவுத்துல பொறந்தது நாலுல ஒண்ணு கருப்பு ஒண்ணு செவப்புன்னா அப்பன மாத்திச் சொல்லுவியா? அந்த மாதிரிதான்.

அத்தினியும் ஒரே கலரா வோணும்னா மிசினு டைல்ஸு வாங்கியிருக்கணும் ஊடு கட்டற அந்த ஆபீசரு. கைவேல டைல்ஸுதான் வோணும்னு தேடிகினு திருநின்றவூரு வரைக்கும் உன்ன அனுப்பினாருல்ல. அதுக்கு ஒட்ற முற ஒண்ணு கீது. அல்லா பெட்டியயும் அவுத்து வெயில்ல பரப்பி, சீட்டுக்கட்டு கலக்கறா மாதிரி கலக்கி, அப்பால ஒட்டணும். கலந்து ஒட்னா தரையே வயக்காடு மாதிரி அசையும். பெட்டி பெட்டியா ஒட்னா மூலைக்கு மூலை ஒட்டுப்போட்ட லுங்கி மாதிரி ஆயிடும். உன் ஆளுங்க பெட்டி பெட்டியாத்தான் ஒட்டிகினு போயிட்டானுங்க. கொரட்டூர்ல அந்த ஊட்டுத் தரைய நான் பாக்கல, பாக்கத் தேவையில்ல. நீ கொண்டாந்து போட்ட இந்த ஒடச்ச துண்டுங்களப் பாத்தாலே தெரியுது. அல்லாம் ஒரே மூலைத் துண்டு, அல்லாம் பொறங்கோடி மாலு.

இரு இரு. ஏந்திரிக்காத. நான் உன்ன கொற சொல்ல வரல. என் கதயச் சொல்றேன் கேளு.

எம்பத்தாறுல, அம்பத்தூரு எஸ்டேட்டுக்குப் பின்னால ஒரு ஷெட்டு. எட்மண்ட் சார்னு ஒருத்தரு, அவருதான் மொதலாளி. நல்ல மனுசன், வாயத் தொறந்தா கெட்ட வார்த்ததான் வரும். நான் சூளை மேஸ்திரி. இந்தக் கன்னியப்பன் பூச்சு கலக்கறவன். இருவத்திநாலு வயசு அப்ப. கண்ணு ரெண்டும் நல்லா கீது. ஒரு டைல்ஸ வெயில்ல திருப்பிப் பாத்தான்னா எந்தத் தட்டுல வெந்ததுன்னு சொல்லுவான். என் பொண்டாட்டி புஷ்பாவுக்குக் கூடப் பொறந்த ஆம்பள யாரும் இல்ல. என் பொண்ணு வசந்தகுமாரிக்கு ஏழு வயசுல காது குத்தும்போது இவன்தான் தாய்மாமன் மொறைக்கு ஒக்காந்து மடில வச்சிகினான். அவ கத்தறதப் பாத்து இவன் அழுதான். அப்பிடி ஒரு ஆளு.

அந்த வருசம் ஒரு மாதா கோயிலுக்கு நாலாயிரம் பச்சை டைல்ஸு ஆர்டரு. ரெண்டு சூளையா வேக வச்சோம். மொத சூளை தொறந்தப்ப, நைனா, இன்னா சொல்றது. அம்பத்தூர்ல அப்பிடி ஒரு பச்சைய யாரும் பாக்கல. பக்கத்துக் கம்பெனி பொம்பளைங்க சாப்பாட்டு மணி அடிச்சா சோத்துக்குப் போவாம நம்ம ஷெட்டு வாசல்ல வந்து நின்னுதுங்க. மேஸ்திரிக்கு இன்னா கைராசின்னு ஆளாளுக்குச் சொல்லிகினு. எட்மண்ட் சாரு என் தோள்ல கை போட்டு போட்டோ எட்த்துகினாரு.

ரெண்டாவது சூளை அடுத்த வாரம். திருநாளுக்குப் பன்னெண்டு நாளுதான் பாக்கி. சூளைய ஆற வுட்டு, கதவு செங்கல்ல ஒண்ணொண்ணா உருவறோம். அல்லாரும் சுத்தி நிக்கறாங்க. உள்ள பாத்தா செவப்பு. பச்சைக்கு நடுவுல செவப்பு. சாணி மொழுவன தரைல கோழி அறுத்தா மாதிரி அங்கங்க திட்டுத் திட்டா. மிச்ச எடத்துல பச்சையே இல்ல, வெளுத்துப் போயி எலும்பு மாதிரி கீது. ரெண்டாயிரம் டைல்ஸு. ஒண்ணுகூட தேறல.

எட்மண்ட் சாரு ஒரு நிமிசம் தலைல கை வச்சிகினு குந்திட்டாரு. அப்பால ஏந்திரிச்சி, எவன் பண்ணான்னு கேட்டாரு. பன்னெண்டு பேரு நிக்கறோம். மேஸ்திரி நீ சொல்லு, உன் சூளை, எவன்னு கேட்டாரு.

நான் கன்னியப்பனக் காட்டினேன்.

ஏன்னா, பச்சை வர்றதுக்கு செம்புப் பொடி போடணும். அது பூட்டு போட்ட டப்பால இருக்கும், சாவி இவன்கிட்ட. செம்புப் பொடிய வெளிய வித்துட்டு வேற கருமம் எதயோ கலந்துட்டான் சார்னு சொன்னேன். அல்லாரும் நம்பினாங்க. சாவி அவன்கிட்டதான இருந்திச்சி.

நான் வுட்ட மொத அறைக்கு அவன் சிரிச்சான். இன்னா அண்ணாத்தே, வெளாடறியான்னான். அந்தச் சிரிப்பப் பாத்ததும் எனக்கு எங்கேருந்துதான் வெறி வந்திச்சோ. ரெண்டாவது அறைல வாய்லேருந்து ரத்தம். சட்டையப் புட்ச்சி இஸ்து தரைல தள்ளினேன். வவுத்துல ஒதச்சேன். வெலாவுல ஒதச்சேன். யாரும் தடுக்கல, மொதலாளி நின்னு பாக்கறாருல்ல. ஒத்துக்கடா, ஒத்துக்கடான்னு கத்திகினே அடிச்சேன். இல்ல அண்ணாத்தே, மாதா மேல சத்தியமா, மாங்காட்டம்மா மேல சத்தியமான்னு ரெண்டு சாமியயும் கூப்டறான். கைய எட்த்துக் கும்பிடறான். அந்தக் கும்பிட்ட கை மேலயே ஒதச்சேன். நிறுத்த முடியல நைனா. ஒரு அடிக்கு ஒரு அடி ஏறுது. கள்ளு குட்ச்சா மாதிரி இன்னும் இன்னும்னு கேக்குது கையி.

கடைசில கீழ கெடந்த டைல்ஸ ஒண்ண எட்த்தேன். பாதி ஒடஞ்சது. தலைலதான் அடிச்சேன். அவன் திரும்பிட்டான். மொன கண்ணுல ஏறிட்ச்சி.

அவன் கத்தனது எஸ்டேட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். நான் அந்த டைல்ஸ கைல புட்ச்சிகினு அப்பிடியே நிக்கறேன். அதுல ஏற்கனவே செவப்பு. எது அவன் ரத்தம், எது சூளை போட்ட திட்டுன்னு தெரியல.

போலீசா? ஏது போலீசு. கால் தடுக்கி டைல்ஸ் மேல வுழுந்துட்டேன்னு கண்ணாஸ்பத்திரில அவனே எழுதிக் குட்த்தான். அண்ணாத்தேவ யாரோ ஏமாத்திட்டானுங்க, அவரு இன்னா பண்ணுவாருன்னு என் பொண்டாட்டியாண்ட சொல்லியிருக்கான். கட்டு கூட அவுக்கல அப்ப. புஷ்பா வந்து என்னாண்ட சொன்னா. சொல்லிட்டு மூணு மாசம் எங்கூடப் பேசல.

இன்னும் இருக்கு, கேளு. அவன் அந்த டைல்ஸ்ல ஒண்ண பத்தரமா எட்த்து வச்சிகினான். தான் எந்தத் தப்பும் பண்ணலன்னு அவனுக்குத் தெரியுமில்ல. கண்டவனாண்ட எல்லாம் காட்டிகினு சுத்தனான். கடைசில மண்ணு வேல சொல்லிக் குடுக்கற ஒரு வாத்தியாரு, வேலைலேருந்து நின்னு வில்லிவாக்கத்துல இருந்தாரு, அவரு அத்த நகத்தால சொரண்டிப் பாத்துட்டு, டேய், உன் பூச்சுல கொற இல்லடா, சூளை நல்லா கொதிக்கும்போது எவனோ உப்ப அள்ளிப் போட்டிருக்கான், உப்புப் பொக பட்டா செம்பு நிக்காது, பச்சை ஓடிப் பூடும், அங்கங்க செவக்கும்னு சொல்லிட்டாரு.

அன்னிக்கே இவன் மாங்காட்டுக்குப் போனான். காமாச்சி அம்மன் சந்நிதில நின்னு, சூளைல உப்பு போட்டவன் கண்ணு ரெண்டயும் நான் நோண்டுவேன், அது வரைக்கும் உன் பிரசாதத்தக் கையால தொடமாட்டேன்னு சொல்லிட்டு வந்தான். அர்ச்சனைக்கு நின்ன ஜனமே கேட்டிச்சி. வந்து மொதல்ல என்னாண்டதான் சொன்னான்.

அப்ப எங்களுக்கு சவுக்குக் கட்ட எறக்கனவன் பரந்தாமன்னு ஒருத்தன். கன்னியப்பன் தங்கச்சி பேபிய கட்டிக் குடுன்னு கேட்டு, இவன் மாட்டேன்னு, அந்தத் தகராறுல ரெண்டு பேரும் சட்டையக் கிழிச்சிகினானுங்க. சூளை பக்கம் அவன் வர்றவன் போறவன். அதனால அவன்தான்னு இவன் முடிவு பண்ணிட்டான். பட்டரவாக்கம் ரயில்வே கேட்டாண்ட, பட்டப்பகல்ல, ரயிலுக்கு கேட்டு போட்டு வண்டிங்க அல்லாம் நிக்குது. பரந்தாமன் மாட்டு வண்டி மேல ஒக்காந்துகினு கீறான். இவன் இரும்புக் கம்பியோட போயி இஸ்துப் போட்டான். அவன் கண்ணப் பொத்திகினான். பொத்தின கையயே அடிச்சான். ரயிலு வந்து போறதுக்குள்ள ரெண்டு மணிக்கட்டும் கூழு. இன்னும் ரெண்டு நிமிசம் கேட்டு தொறக்காம இருந்திருந்தா கண்ணயும் எட்த்திருப்பான். ஜனம் புட்ச்சிகினாங்க.

ஒண்ணர வருசம் உள்ள இருந்தான். நான்தான் மாசாமாசம் போயி பாத்துட்டு வருவேன், பீடியும் சோப்பும் வாங்கிகினு. அப்பால தெரியவந்திச்சி, சூளை வெந்த அன்னிக்குப் பரந்தாமன் ஊர்லயே இல்ல. அரக்கோணத்துல அவன் அக்கா சாவு. கொள்ளிப் பானைய ஒடைக்கும்போது கூட நின்னவனுங்க பத்து பேரு சொன்னானுங்க. இவன் வெளிய வந்து பரந்தாமன் கால்ல வுழுந்தான். வுழுந்து இன்னா பிரயோஜனம். இன்னிக்கும் அந்த ஆளுக்குச் சட்ட பட்டன பொண்டாட்டிதான் போட்டு வுடறா. சோத்தப் பெசைய முடியாது, ஸ்பூனக் கட்டி வுடறா.

எட்மண்ட் சாரு ஷெட்ட வித்துட்டுப் பசங்களாண்ட பூட்டாரு. நான் இங்க வந்து மனை வாங்கி இந்தச் சின்ன சூளையப் போட்டேன். மொத ஆளா இவன இட்டாந்தேன். பூச்சு கலக்கற வேல வாணாம் அண்ணாத்தே, செம்புப் பொடி சாவிய இனி தொட மாட்டேன், கலரு பிரிக்கறேன்னான். ஆச்சு, ஆறு வருசம். ஒத்தக் கண்ணுல இவன் பிரிக்கற மாதிரி ரெண்டு கண்ணு வச்சிகினு பிரிக்கறவன நான் பாக்கல. உனக்கு அனுப்புன பெட்டிங்க மேல சாக்பீஸ்ல இவன் கைப்பட எழுதியிருப்பான் பாரு, வாய், நடு, கோடி, மேல்னு. கலந்து ஒட்டணும்னு வண்டிக்காரனாண்ட ரெண்டு தபா சொல்லி அனுப்பனான். நான் பக்கத்துல இருந்தேன்.

இந்தத் தெருவுல கேட்டுப் பாரு. செங்கல்ராயன் மாதிரி ஒரு மனுசன் உண்டா, கண்ணு போனவன வச்சி சோறு போடறான்னு சொல்லுவாங்க. இவனே சொல்லுவான். தீபாவளிக்கு எனக்கு வேட்டி எட்த்துக் குடுப்பான். வசந்தகுமாரி கல்யாணத்துல மாமன் சீரு இவன்தான் செஞ்சான். சீர்த்தட்ட எட்த்துகினு அந்த ஒத்தக் கண்ணோட இவன் மொதல்ல வர்றான், என்னால நிமுந்து பாக்க முடியல. ஆடி மாசமானா மாங்காட்டுக்குப் போவான். ஆளு இன்னும் கெடைக்கல தாயின்னு சொல்லிட்டு வருவான். போறதுக்கு பஸ்ஸு காசு என்னாண்டதான் கேட்டு வாங்குவான்.

இப்ப சொல்லு நைனா. வண்டிக்காரன் உன்னாண்ட சொன்னானா இல்லியா? கலந்து ஒட்டுன்னு?

சொன்னான். தலைய ஆட்டறல்ல, அதான பாத்தேன். நாள் ஆவுதுன்னு நீதான் பெட்டி பெட்டியா ஒட்டச் சொன்ன. ஆபீசரு வந்து தரையப் பாத்துக் கத்தினாரு. அவராண்ட உன் தப்புன்னு சொல்ல வாய் வரல. வண்டிய எட்த்துகினு நேரா இங்க வந்து அவன் மேல கைய ஓங்கற. இல்லன்னு சொல்லாத. உன் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு. சும்மா கோவக்காரன் அடிக்கற அடி வேற. அவன் ஒரு அறையோட நிறுத்திக்குவான். தான் பண்ண தப்ப மறைக்கறதுக்கு அடிக்கறவன் நிறுத்த மாட்டான், அவனுக்கு எதிராளி ஒத்துக்கணும். ஒத்துக்கற வரைக்கும் அடிப்பான்.

எப்பிடித் தெரியுமா? உப்பு போட்டதே நான்தான நைனா.

ஆமா. ரெண்டு படி கல்லுப்பு. மொத சூளைக்கு அத்தினி கண்ணு பட்டிச்சே, அந்தப் பயம். எங்கப்பன் செங்கல் சூளை வச்சிருந்தாரு, ஒவ்வொரு சூளைக்கும் திருஷ்டி சுத்தி உப்பும் மொளகாயும் நெருப்புல போடுவாரு. ஒண்ணியும் ஆவாது. செங்கல்லுக்குப் பூச்சு ஏது, ஆவறதுக்கு? எனக்கு அது தெரியல. மத்தியானம் அல்லாரும் சோத்துக்குப் போனப்ப, சூளையோட வலது நெருப்பு வாய்ல அள்ளிக் கொட்டினேன். எட்மண்ட் சாருக்கு இந்தச் சடங்குங்க புடிக்காது, மொளகா போட்டா கமறிக் காட்டிக் குட்த்துடும்னு வெறும் உப்பா போட்டேன். கதவு தொறந்தப்ப வலது வாய்ப்பக்கம்தான் செவப்பு ஜாஸ்தி. பாத்த ஒடனே தெரிஞ்சி பூட்ச்சி. அவன அடிக்கும்போது தெரியும். பரந்தாமன் மணிக்கட்டு ஒடஞ்சப்பவும் தெரியும். பதினோரு வருசமா தெரியும்.

இன்னா? மெதுவா பேசவா? இன்னாத்துக்கு மெதுவா பேசணும். உனக்கு சொல்றதா இருந்தா உன் காதோட சொல்லியிருப்பேனே. இத்தினி நேரம் தொண்ட கிழிய நான் யாருக்குப் பேசிகினு கீறேன்னு நெனச்ச? அவனுக்குக் கண்ணுதான் ஒண்ணு நைனா. காது ரெண்டும் நல்லாத்தான் கீது.

ஏந்திரி. அந்தப் பக்கமா நில்லு. அவனப் புடிக்காத, பேசாத, வழிய வுடு. அவன் என்னாண்டதான் வர்றான்.